ஆடாமல் நகரும் ஊர்

2009 நவம்பர் 1. டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தை நோக்கி நள்ளிரவில் ஒரு புத்தம் புதுக் கப்பல் வந்துகொண்டிருந்தது. பாலத்தின் அடிப்பகுதி கடல்மட்டத்திலிருந்து 65 மீட்டர் உயரம். கப்பலோ நீருக்கு மேலே 72 மீட்டர். பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டி முடிக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டிருந்த ‘ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ அது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல். பால்டிக் கடலைவிட்டு வெளியே வர அந்தப் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

இப்படி ஒரு சிக்கல் வரும் என்று தெரிந்தே, புகைபோக்கிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். அதிலேயே பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. மிச்சத்துக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். பாலம் நெருங்கியபோது வேகத்தைக் குறைக்கவில்லை. மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள். ஆழம் குறைந்த கடலில் பெரிய கப்பல் விரைந்தால், அதன் அடிப்பாகத்துக்கும் கடல்தரைக்கும் நடுவே நீர் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. பாயும் வேகம் கூடக் கூட அந்த நீரின் அழுத்தம் குறைகிறது. கீழிருந்து தாங்கும் அழுத்தம் குறைந்ததும் கப்பல் சற்றே கீழே அமர்கிறது. கப்பல்காரர்கள் இதை ‘ஸ்குவாட்’ என்பார்கள். நாம் அமிழ்வு விளைவு எனலாம். அன்றிரவு அது சுமார் 30 சென்டிமீட்டரை மிச்சப்படுத்திக் கொடுத்தது. கப்பலின் உச்சிக்கும் பாலத்துக்கும் இடையே இரண்டு அடிகூட இல்லாத இடைவெளியில் 360 மீட்டர் நீளக் கப்பல் கடந்துபோனது.

இப்படிப்பட்ட சொகுசுக் கப்பலில் விடுமுறையைக் கழித்தவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். நீச்சல் குளம், நாடகம், விருந்து என்று வரிசையாகச் சொல்வார்கள். கொஞ்சம் பேச்சு வளர்ந்தால் வேறொன்று வெளியே வரும். பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும். இரவு உறங்கிக் காலையில் கண்விழித்தால் ஜன்னலுக்கு வெளியே வேறு ஊர். கப்பலின் வேகம் பெரிய வேகமே இல்லை. ஆனால் மாலை 7 மணிக்குக் கிளம்பி மணிக்கு 37 கிலோமீட்டர் போனால், காலை 7 மணிக்குள் 440 கிலோமீட்டர். ஏறத்தாழ சென்னையிலிருந்து மதுரை. அந்தத் தூரத்தைக் கடந்ததே பயணிக்குத் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் இந்த விடுமுறையின் முதல் ஈர்ப்பு என்று நான் நினைக்கிறேன். கப்பல் பொறியாளர்கள் அதிகம் மூளையைச் செலவழித்திருப்பதும் அதற்காகத்தான்.

கப்பலை ஊர் சுற்றிப் பார்க்கும் இடமாக்கிய யோசனை ஒரு வணிகக் கணக்கில் பிறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கப்பல் நிறுவனம் ஒன்றில் பயணிகள் பிரிவை நடத்திவந்தவர் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கப் பயணிகள் வருவதில்லை. கப்பல்கள் சும்மா நின்றன. 1891 ஜனவரியில் ‘அகுஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை வெயில் அடிக்கும் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். பணம் வந்தது. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபின், போய்ச் சேர்வதற்காகக் கப்பல் ஏறுபவர்கள் வேகமாகக் குறைந்தார்கள். கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறுபவர்கள் பெருகினார்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் முதல் கப்பல் 1970இல் வந்தது. 724 பேருக்கு இடம். அதே நிறுவனம் 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து அனுப்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகளும், அவர்களைக் கவனிக்க 2,350 ஊழியர்களும் இருக்கலாம். உள்ளே இருக்கும் இடத்தை அளந்தால் டைட்டானிக்கைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்.

இத்தனை உயரம் கவிழாமல் நிற்பது எப்படி? ஓயாசிஸ் நீருக்கு மேல் 72 மீட்டர். நீருக்குள்ளோ 9 மீட்டர் சொச்சம்தான். பார்த்தவுடன் பயம் வருவது நியாயமே. தஞ்சாவூர்ப் பொம்மை ஞாபகத்துக்கு வரலாம்: அடி கனம், தலை லேசு, தள்ளினால் நிமிரும். கப்பலிலும் எஞ்சின்கள், எரிபொருள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அடியில்தான். மேல்தளங்கள் மெல்லிய தகட்டால் ஆனவை. ஆனால் பொம்மைக் கணக்கு பாதிதான் பொருந்தும். இத்தகைய கப்பலின் மொத்த எடையும் குவிவதாகக் கருதப்படும் புள்ளி, அதாவது அதன் ஈர்ப்பு மையம், நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கிறது. பொம்மையாக இருந்தால் என்றோ குப்புற விழுந்திருக்கும்.

காப்பாற்றுவது அகலம். நீர்மட்டத்தில் ஓயாசிஸின் அகலம் 47 மீட்டர். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால், வலப்பக்கத்தில் கூடுதலான பகுதி நீருக்குள் போகிறது. இடப்பக்கத்தில் அதே அளவு வெளியே வருகிறது. நீருக்குள் போன பக்கத்தைக் கடல் கூடுதல் பலத்தோடு மேலே தள்ளுகிறது. மேல்நோக்கித் தள்ளும் இந்த மிதப்பு விசை சாய்ந்த பக்கமாகவே நகர்ந்து போய் நின்றுகொண்டு கப்பலை நிமிர்த்துகிறது. ஓர் அளவுவரை, சாயச் சாய நிமிர்த்தும் பலமும் கூடிக்கொண்டே போகிறது. இதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். உடலின் வடிவமே போதும்.

அப்படியானால் அகலத்தை இன்னும் கூட்டிவிட்டால் இன்னும் பத்திரம்தானே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த முரண் வருகிறது. நிலைத்தன்மை மிதமிஞ்சிய கப்பல் வெடுக்கென்று நிமிரும். சின்ன அலைக்கும் பக்கவாட்டில் குலுங்கும். தட்டு விழும், ஆள் விழுவார். எனவே பாதுகாப்புக்கு வேண்டிய அளவுக்கு நிலைத்தன்மையைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கூடிவிடாமலும் பொறியாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய கப்பல் ஒருபக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப 20 விநாடிகூட ஆகலாம். அத்தனை மெதுவான ஆட்டத்தை உடம்பு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உடம்பு எதை எடுத்துக்கொள்ளும் என்பதும் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். நம் உள்செவியில் திரவம் நிறைந்த நுண்குழாய்கள் இருக்கின்றன. அசைவை மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண், “எதுவும் அசையவில்லை” என்கிறது. செவி, “அசைகிறோம்” என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரளுகிறது. மேலும் கீழுமாக ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒருமுறை வரும் அசைவே மிக மோசமாகக் குமட்டலைக் கிளப்புகிறது. அதைவிட வேகமாக ஆடினாலும் தொல்லை குறைவு, மெதுவாக ஆடினாலும் தொல்லை குறைவு.

மிச்சமிருக்கும் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க, சொகுசுக் கப்பல்களின் வயிற்றுப் பக்கத்திலிருந்து நீருக்கடியில் துடுப்புகள் நீளும். துடுப்பு என்றாலும் அவை தண்ணீரைத் தள்ளுவதில்லை; விமான இறக்கையின் வேலையைச் செய்கின்றன. சுழல்காட்டி என்னும் உணர்கருவி கப்பல் எந்தப் பக்கம் சாயத் தொடங்குகிறது என்று கவனிக்கிறது. உடனே அந்தப் பக்கத்துத் துடுப்பு முனையை உயர்த்தி மேல்நோக்கியும், எதிர்ப்பக்கத்துத் துடுப்பு முனையைத் தாழ்த்திக் கீழ்நோக்கியும் விசை கொடுக்கின்றன. இரவெல்லாம் கணினி இதைச் செய்துகொண்டே இருக்கிறது. துறைமுகம் வந்ததும் துடுப்புகள் உடலுக்குள் மடங்கிவிடும்.

ஓயாசிஸை முன்னே செலுத்தும் ஏற்பாடு இன்னும் விசித்திரம். அதன் எஞ்சின்கள் சுழல்விசிறிகளோடு இணைக்கப்படவே இல்லை. ஆறு பெரிய டீசல் எஞ்சின்கள் மின்சாரம் மட்டுமே உற்பத்தி செய்கின்றன. மொத்தம் 97 மெகாவாட். அதாவது கப்பலுக்குள் ஒரு மின்நிலையம். விளக்கு, அடுப்பு, குளிர்சாதனம், பயண வேகம் எல்லாம் அதிலிருந்தே. கப்பலின் பின்புறம் நீருக்குள் மூன்று பெரிய கூடுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றினுள்ளும் 20 மெகாவாட் மின்மோட்டார், முனையில் சுழல்விசிறி. மூன்றும் சேர்ந்து முழுப் பலத்தோடு சுழலும்போது இழுக்கும் மின்சாரத்தில் வீட்டு ஏசி 40,000 ஓடும். ‘அசிபாட்’ என்று பெயர் பெற்ற இந்தக் கூடுகள் எந்தத் திசைக்கும் முழு வட்டமாகத் திரும்பும். ஆகவே சுக்கான் தனியாகத் தேவையில்லை. கூட்டின் முன்பக்கம் விசிறி இருப்பதால் கப்பல் பின்னாலிருந்து தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. கலங்காத நீரில் விசிறி சுழல்வதால் எரிபொருளும் மிச்சம், அதிர்வும் குறைவு. சொகுசுக் கப்பல்களில் முதன்முதலாக 1998இல் ‘எலேஷன்’ கப்பலில் இது பொருத்தப்பட்டது. முன்பக்கம் குறுக்காகப் பொருத்திய விசிறிகளும் இதோடு சேர்ந்துகொண்டால், இழுவைப் படகின் உதவி இல்லாமலே ராட்சதக் கப்பல் நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து கரையோரம் ஒட்டி நின்றுவிடுகிறது.

எஞ்சின்களின் வெப்பமும் வீணாவதில்லை. பயணிகள் குளிக்கும் தண்ணீரின் ஒரு பகுதி அதிலிருந்து வருகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊட்டியில் பருப்பு வேக நேரமாவது அதனால்தான். கப்பலில் மூடிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தை மிகவும் குறைத்துவிடுகிறார்கள். எஞ்சினைக் குளிர்வித்த நீரின் சூட்டிலேயே கடல்நீர் உள்ளே கொதித்து ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது, ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர். இன்னொரு வழி எதிர்ச் சவ்வூடு பரவல்: கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரை நுண்ணிய சவ்வு வழியே பிழிவது. நெம்மேலியில் கடலிலிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுப்பதும் இந்த முறையில்தான். இவ்வளவு பாடுபட்டு எடுத்த தண்ணீரைக் கழிப்பறையில் கொட்ட மனம் வருமா? அங்கே உறிஞ்சு முறை. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அளவு தண்ணீரோடு வேலை முடிந்துவிடும்.

பெரிய கப்பலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அகலம் கூடினால் நடுவே இருக்கும் அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சமில்லாத அறைக்கு யார் ஆசைப்படுவார்கள்? ஓயாசிஸை வடிவமைத்தவர்கள் மேல்தளங்களை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நடுவே வானம் பார்த்த பூங்கா ஒன்றை வைத்தார்கள். 12,000க்கும் மேற்பட்ட செடிகொடிகள் அதில் நிஜமாகவே வளர்கின்றன. உள்பக்கத்து அறைக்காரர்கள் பால்கனியில் நின்றால் கீழே மரங்கள் தெரியும். அந்த அறைகளும் கப்பலில் கட்டப்பட்டவை அல்ல. துர்க்குவுக்கு அருகே பீக்கியோ என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் சுவர், குளியலறை, மின்கம்பி சகிதம் முழு அறையாகச் செய்து, கொண்டுவந்து செருகுகிறார்கள்.

பயணிகள் பார்க்காத ஒரு நெடுஞ்சாலையும் கப்பலுக்குள் உண்டு. கீழ்த்தளத்தில் முன்னிருந்து பின்வரை ஒரே நேராக ஓடும் ஊழியர் நடைபாதை அது. அமெரிக்கப் பயணிகளுக்கான கப்பல்களில் அதை ‘ஐ-95’ என்பார்கள். மயாமியில் தொடங்கிக் கனடா எல்லைவரை போகும் நெடுஞ்சாலையின் பெயர். உணவு, துணி, குப்பை, ஆள் எல்லாம் அதன் வழியே போகும். அது திணறும் நாள், பயணிகள் மாறும் நாள். விடியற்காலையில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். மாலையில் அடுத்த பயணம். அந்தப் பகல்பொழுதுக்குள் ஆயிரக்கணக்கானோர் பெட்டிகளோடு இறங்கி, அதே எண்ணிக்கையில் புதியவர்கள் ஏறி, எல்லா அறைகளிலும் விரிப்பு மாறி, ஒரு வாரச் சாப்பாட்டுச் சரக்கு உள்ளே வந்தாக வேண்டும். கடலில் ஏதாவது தீர்ந்துபோனால் ஓடிப்போய் வாங்கிவரக் கடை இல்லை. இந்தக் கணக்கைப் போடுகிறவர்களை நான் எஞ்சின் பொறியாளர்களுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைவாக மதிப்பதில்லை.

இந்தச் சுகத்துக்குக் கடலும் காற்றும் துறைமுக ஊர்களும் விலை கொடுக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் வெனிஸ் நகரின் மையக் கால்வாய்க்குள் பெரிய கப்பல்கள் நுழைய இத்தாலி தடை விதித்தது. ஐகான் கப்பல் டீசலுக்குப் பதிலாகத் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் எரிவாயு 600இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் தொட்டியில் அடைக்க முடிகிறது. கந்தகப் புகை ஏறக்குறைய இல்லை. ஆனால் அந்த எரிவாயுவிலிருந்து எரியாமல் தப்பிக்கும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இந்தக் கசிவை அடைப்பது இன்னும் முடியாத வேலை.

நம் கரைக்கும் இந்தக் கப்பல்கள் வந்துவிட்டன. பிரான்சில் கட்டப்பட்டு 1990இல் ராயல் கரீபியனில் ஓடத் தொடங்கிய ஒரு கப்பல், ‘எம்பிரஸ்’ என்ற பெயரில் 2022இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிவந்தது. ஐகானோடு ஒப்பிட்டால் அதன் உள்ளே இருக்கும் இடம் ஐந்தில் ஒரு பங்குதான். முதன்முறை ஏறுபவர்கள் ஒன்றைக் கவனித்து அறை கேளுங்கள். கப்பல் தன் நடுப்பகுதியை அச்சாக வைத்து முன்னும் பின்னும் ஏறி இறங்கும். உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் அதிகம். ஆகவே நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில்தான் வயிறு சும்மா இருக்கும். பெரும்பாலும் வாடகை குறைந்த அறைகளும் அங்கேதான் இருக்கின்றன.