தண்டவாளம் போன திசை

நாமக்கல் நகருக்குப் பயணிகள் ரயில் வந்தது 2013இல். பக்கத்துச் சேலத்துக்கோ 1861லேயே வந்துவிட்டது. நாமக்கல் பின்தங்கிக் கிடந்தது என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. முதல் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்று நாம் கேட்க வேண்டும்.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய சென்னை ரயில்வே, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாக 1862இல் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரைத் தொட்டது. இரு முனையிலும் கடல். இங்கிலாந்து ஆலைகளின் பருத்திப் பசியை டல்ஹவுசி 1853ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தார். லண்டன் பங்குதாரர்களின் முதலீட்டுக்கு 5 சதவீதம்வரை வருவாய் கிடைக்க அரசு உத்தரவாதம் தந்தது. ரயில் சம்பாதிக்காவிட்டால் நம் மக்களின் வரிப்பணம் ஈடுகட்டியது. பாசனத்துக்குச் செலவிடுங்கள் என்ற ஆர்தர் காட்டனின் பேச்சு எடுபடவில்லை.

சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். 1871க்கும் 1881க்கும் இடையில் சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது.

ரயில் இருந்துமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ரயில் தானியம் கொண்டுவந்தது, உண்மைதான். ஆனால் எங்கே விலை கூடுதலோ அங்கே தானியத்தை இழுத்துக்கொண்டு போனதும் அதே ரயில். சென்னைச் சந்தையின் விலை சேலத்துக் கடைவீதிக்கும் வந்து சேர்ந்தது. பண்ணையாளுக்குக் கூலி படியளப்பாகத்தான் கிடைத்துவந்தது. வயல் காய்ந்ததும் அந்தப் படி நின்றது. காசு கொடுத்து வாங்கக் கையில் காசு இருந்ததே இல்லை. மூட்டைகள் ஸ்டேஷனில் இருந்தாலும் சேரிக்கு அவை எட்டாத தூரம். நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் விதித்த நாட்கூலி, ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோகூட இல்லை. இது உயிர்காக்கப் போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்.

துறைமுகம் வழியாக மனிதர்களும் போனார்கள். 1860லேயே 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. மொரீஷியஸ், இலங்கைத் தோட்டங்களுக்கும் நம் மக்கள் போனார்கள். அவர்களை விரட்டப்பட்டவர்கள் என்று மட்டும் எழுதுவதில் நமக்கு உடன்பாடில்லை. பசி துரத்தியது, பண்ணைக்காரனின் கடனையும் சாட்டையையும் விட்டுப் போகிறோம் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. திரும்பி வந்த சிலர் சேர்த்த காசில் துண்டு நிலம் வாங்கினார்கள். அந்த நிலத்துக்காக ஊரோடு மோத வேண்டியும் வந்தது.