பென்னாகரம் ரோட்டில் கூகுள்

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய வெளியூர்க்காரர், ஒகேனக்கல்லில் எந்த லாட்ஜ் நல்லது என்று கண்டக்டரிடமோ பெட்டிக்கடையிலோதான் விசாரிக்க வேண்டும். வியாபாரிக்கு விளம்பரம் என்றால் சுண்ணாம்படித்த சுவர், தியேட்டர் ஸ்லைடு, மைக் கட்டிய ஆட்டோவிலிருந்து வீசும் பிட் நோட்டீஸ். பசையுள்ளவர் டெலிபோன் டைரக்டரியில் கட்டம் கட்டிப் போடுவார். ரோட்டில் போகிறவருக்கெல்லாம் சுவர் தெரியும். அவர்களில் யாருக்கு ரூம் வேண்டும் என்பதுதான் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்த்தது தேடுபொறி. யாஹூ ஆட்களை வைத்துத் தளங்களை வகை பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1998-ல் கூகுள் வந்தது. ஒரு தளத்துக்கு வேறு எத்தனை தளங்கள், எப்பேர்ப்பட்ட தளங்கள் இணைப்புத் தருகின்றன என்று பார்த்து அது வரிசைப்படுத்தியது; ஊரில் நாலு பெரியவர்கள் கைகாட்டும் ஆளை நம்புகிற கணக்குதான். 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு அதன் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் தொடங்கியது. ரூம் தேடுகிறவர் கண்ணில் மட்டும் படும் விளம்பரம்!

உடனே தில்லுமுல்லும் வந்தது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு தடவை ஒளித்துவைத்தார்கள், இணைப்புகளை விலைக்கு வாங்கினார்கள். 2012-ல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து போலி இணைப்புக்காரர்களைக் கூகுள் பின்னுக்குத் தள்ளியது.

இதெல்லாம் நடந்தபோது நம் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் என்றால் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற இடம். தேடல் இங்கே நிஜமாக இறங்கியது போன் வழியாகத்தான். 2016 செப்டம்பரில் ஜியோ, அடுத்த ஆகஸ்டில் தமிழில் பேசித் தேடும் வசதி. ஒகேனக்கல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தடுமாறியவரும் வாயால் கேட்டுவிட்டார்.

இன்று பெங்களூரிலிருந்து ஓசூர், பாலக்கோடு, பென்னாகரம் வழியாக வரும் குடும்பம் காரில் உட்கார்ந்தபடியே "பக்கத்தில் மீன் சாப்பாடு" என்று கேட்கிறது. திரையில் மேப், மூன்று கடைகள், நட்சத்திரங்கள், யாரோ எடுத்த வறுவல் படம். நாலாவது கடையை யார் பார்க்கிறார்கள்? ஒகேனக்கல் ஆற்றோரம் நாம் வாங்கிக் கொடுக்கும் மீனை மசாலா தடவி வறுத்துத் தரும் பெண்களுக்கும், எண்ணெய் மசாஜ் செய்பவர்களுக்கும் இதனால் பெரிய நஷ்டமில்லை. வந்திறங்கிய கூட்டம் நடந்தே அவர்களிடம் போய்விடும். அடிபடுவது வழியில் இருக்கும் மெஸ்ஸும் லாட்ஜும்தான்.

2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த, கூகுளே பதிலைச் சுருக்கித் தரும் ஏஐ தொகுப்பு கதையை இன்னொரு பக்கம் திருப்பிவிட்டது. முன்பு தேடுபொறி வழிகாட்டியது, இப்போது பதிலையே சொல்லி முடித்துவிடுகிறது. தளத்துக்குள் ஆள் வர வேண்டிய அவசியமே குறைகிறது. காசு செலவழித்து இணையதளம் கட்டியவருக்கு இது நியாயமாக எனக்குப் படவில்லை. அந்தப் பதிலும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் ஒகேனக்கல்லில் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும்; தண்ணீர் வடிந்தால் எடுக்கும். காலையும் மாலையும் மாறுகிற இந்த நிலவரத்துக்குப் பழைய செய்திகளைக் கோத்துத் தரும் சுருக்கம் உதவாது. அன்றைய அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கூகுள் மேப்பில் கடையைப் பதிவதற்குக் கட்டணம் கிடையாது. "முதலிடத்தில் வரவைக்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். விளம்பரமல்லாத வரிசையில் முதலிடத்தைக் கூகுள் யாருக்கும் விற்பதில்லை. திறக்கும் நேரம், போன் நம்பர், இன்றைய படம் நாலு: இவற்றை நீங்களே ஏற்றுங்கள்.