நிலாவில் கேமரா, ஹூஸ்டனில் அதைத் திருப்பிய ஆள்

இன்னிக்கு ஒரு புகாரோட ஆரம்பிக்கிறேன். எங்க வீட்டு ஹால்ல மோட்டார் வச்ச சுழலும் கேமரா ஒண்ணு மாட்டியிருக்கோம். எது நகர்ந்தாலும் கூடவே திரும்பும்னு அட்டைப்பெட்டியில போட்டிருந்துச்சு. திரும்புது, இல்லைன்னு சொல்லல. ஆனா பூனை சோபாவுல இருந்து குதிச்சு கிச்சனுக்குப் போனப்புறம், காலி சோபாவை ரொம்ப அழகா படம் பிடிச்சு அனுப்புது.

ஏன் இப்படி? இதே சிக்கல் 1972-ல நிலாவுல வந்திருக்கு.

டிசம்பர் 14. அப்பல்லோ 17-ல் போன யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலாவை விட்டுக் கிளம்புகிறார்கள். அதைப் படம் பிடிக்க அங்கே ஆள் யார் இருக்கா? அவர்கள் ஓட்டி நிறுத்திய ரோவர் வண்டியும், அதில் பொருத்திய டிவி கேமராவும்தான் மிச்சம். அந்தக் கேமராவைத் திருப்பியவர் எட் ஃபெண்டெல். அவர் உட்கார்ந்திருந்தது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில்.

நிலா இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி. சிக்னல் ஒரு பக்கம் போகவே 1.3 நொடி ஆகும். அதாவது ஃபெண்டெல் திரையில் பார்ப்பது பழைய படம். அதைப் பார்த்து "மேலே திரும்பு"ன்னு கட்டளை அனுப்பினா, அது போய்ச் சேர இன்னொரு 1.3 நொடி. அதுக்குள்ள கலம் ஃப்ரேமைத் தாண்டிடும். ரீடேக்கும் கிடையாது.

முந்தைய ரெண்டு முயற்சியும் சொதப்பல்தான். அப்பல்லோ 15-ல் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கும் பாகமே பழுது. 16-ல் ரோவர் நின்ற இடம் கணக்கோடு பொருந்தவில்லை.

17-ல் என்ன செய்தார்கள்? கலம் எந்த நொடியில் எந்த உயரத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தார்கள். கவுன்ட்டவுன் முடியும் முன்பே முதல் கட்டளை கிளம்பியது. திரையைப் பார்த்து ஃபெண்டெல் எதையும் திருத்தவில்லை. யூடியூபில் அந்த வீடியோ இருக்கு, பாருங்க. பின்னாடியே யாரோ நின்னு எடுத்த மாதிரி கேமரா மேலே போகும்.

நம்ம ஹாலுக்கு வருவோம். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமிலும் பூனையைக் கண்டுபிடிக்கிறது. அது நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கு என்று அளந்து, அதுக்கு ஏத்த வேகத்தில் மோட்டாரைச் சுழற்றுகிறது. படம் எடுக்க, அடையாளம் காண, மோட்டார் வேகம் பிடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் போகுது. வேகத்தைக் கூட்டினா சரியாகுமா? ஆகாது. கீசர் குழாய் மாதிரிதான்: சுடுதண்ணி வரலையேன்னு இன்னும் திறப்போம், திடீர்னு கொதிக்கும், அவசரமா மூடுவோம், மறுபடி ஜில்லுன்னு ஆகும். கேமராவும் அப்படி இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆடும்.

அதனால நல்ல டிராக்கிங் மென்பொருள் ஃபெண்டெல் வழியில் போகும். பொருளின் இடத்தோடு வேகத்தையும் கணித்து, அடுத்த நொடியில் அது இருக்கப்போகும் இடத்துக்குத் திரும்பும். இதுக்குப் பரவலாகப் பயன்படுவது கால்மன் ஃபில்டர். ருடால்ஃப் கால்மன் 1960-ல் வெளியிட்ட முறை; அப்பல்லோ கலங்களின் வழி கண்டுபிடிக்கவும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். முதலில் ஊகிக்கும், அப்புறம் கேமரா கண்டதை வைத்துத் திருத்தும். ஆள் தூணுக்குப் பின்னால் மறைஞ்சாலும், இந்நேரம் இங்கே வெளியே வரணும்னு காத்திருக்கும்.

ஆனா ராக்கெட் இயற்பியல் சொன்னபடி போகும். பூனை போகாது. பாதி வழியில் யூ-டர்ன் போட்டா எந்த ஊகமும் தப்பும். அங்கே உதவுவது ஜூமைக் குறைப்பதுதான். ஃப்ரேம் அகலமா இருந்தா ரெண்டு நொடி தப்பினாலும் பொருள் உள்ளேயே இருக்கும். அப்பல்லோ 17 வீடியோவிலும் கலம் கிளம்பும்போது ஜூம் பின்வாங்குறதை கவனிச்சுப் பாருங்க. நானும் எங்க வீட்டு கேமராவுல நேத்துதான் குறைச்சேன். இப்போ பூனையோட வாலாவது தெரியுது.