65 அரசுக்கு, 35 ஆட்டக்காரருக்கு: டென்னிஸ் வீராங்கனை லீ நா ஏன் ‘தனியாகப் பறந்தார்’?

2014 ஜனவரி மாதக் கடைசி. ஆஸ்திரேலிய ஓபன் கோப்பையை வென்ற கையோடு, சீன டென்னிஸ் வீராங்கனை லீ நா சொந்த ஊரான வூஹானில் வந்து இறங்கினார். விமான நிலையத்திலேயே ஹூபெய் மாகாண அதிகாரிகள் காத்திருந்தார்கள். மாகாணத்தின் சார்பில் 8 லட்சம் யுவான் பரிசு கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் நம்மூர்ப் பணத்துக்குச் சுமார் 80 லட்சம் ரூபாய். கேமராக்கள் மின்னின. ஆனால், படத்தில் லீ நா சிரிக்கவே இல்லை.

அந்தப் படம் சீன இணையத்தில் தீயாய்ப் பரவியது. “கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறவருக்கு மக்கள் வரிப்பணம் எதுக்கு?” என்று ஒரு பக்கம் கேள்வி. “அரசு அமைப்பை விட்டு வெளியே போய் ஜெயிச்சவரை வெச்சு அதிகாரிகள் படம் எடுத்துக்கலாமா?” என்று இன்னொரு பக்கம் கேள்வி.

எதற்காக இவ்வளவு வாக்குவாதம்? லீ நா அப்படி எதை விட்டு வெளியே போனார்? ஒரு விளையாட்டு வீராங்கனையின் திறமையும் உழைப்பும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் அவருடைய டென்னிஸ் வாழ்க்கை முழுவதும் ஓடியது. விரிவாகப் பார்ப்போம்.

யாருமே கேட்கவில்லை

லீ நா பிறந்தது 1982 பிப்ரவரி 26. அப்பா பாட்மிண்டன் வீரர். அதனால் ஆறு வயதில் மகளும் பாட்மிண்டன் மட்டையைப் பிடித்தார். ஒன்பது வயதை எட்டுவதற்குள், இந்தப் பெண்ணுக்கு டென்னிஸ்தான் சரிப்பட்டு வரும் என்று பயிற்சியாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள், என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை என்று பின்னாளில் லீ நாவே சொல்லியிருக்கிறார்.

சீன விளையாட்டு அமைப்பில் இது வழக்கமான நடைமுறை. திறமையுள்ள பிள்ளைகளைச் சிறு வயதிலேயே அடையாளம் கண்டு விளையாட்டுப் பள்ளிகளில் சேர்ப்பார்கள். அங்கிருந்து மாகாண அணி, பிறகு தேசிய அணி. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர், பயணம் என எல்லாச் செலவும் அரசுடையது. பதிலுக்கு, எந்தப் போட்டியில் ஆடுவது, யாரிடம் பயிற்சி பெறுவது என்பதையெல்லாம் அமைப்புதான் தீர்மானிக்கும். ஒலிம்பிக் பதக்கம்தான் இலக்கு. மாகாணங்களுக்கோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தேசிய விளையாட்டுப் போட்டி கௌரவப் பிரச்சினை.

பயிற்சி முறை கடுமையானது. பாராட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. திட்டினால்தான் தேறுவார்கள் என்ற நம்பிக்கை. ஆட்டத்தின் நடுவே தன்னையே நொந்துகொள்ளும் பழக்கம் லீ நாவை ரொம்ப நாள் விடவில்லை. அதற்கு இந்தச் சிறு வயதுப் பயிற்சியே காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

14 வயதில் அப்பா இறந்துபோனார். வீட்டில் பணக் கஷ்டம். அதன் பிறகு டென்னிஸ் என்பது குடும்பத்துக்கான வருமானமும் ஆகிவிட்டது.

20 வயதில் முதல் ‘ராஜினாமா’

2001-ல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்று தங்கம் வென்றார் லீ நா. அடுத்த ஆண்டே, 20 வயதில், கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தேசிய அணியை விட்டு வெளியேறினார்.

காரணம் ஒன்றல்ல. உடல்நலப் பிரச்சினைக்கு ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டு தொடர்ந்து ஆடச் சொன்னார்கள். அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அணியிலேயே இருந்த ஜியாங் ஷானைக் காதலித்தார். அதையும் மேலிடம் விரும்பவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், களைப்பு. வூஹானில் உள்ள ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கச் சேர்ந்தார்.

இரண்டு ஆண்டுகள் டென்னிஸ் இல்லை. சீன டென்னிஸ் நிர்வாகத்தின் தலைமைக்கு வந்த சுன் ஜின்ஃபாங் அவரைச் சந்தித்து, உனக்காக ஆடிப் பார் என்கிற மாதிரி பேசித் திரும்ப அழைத்தார். சுன், சீனப் பெண்கள் வாலிபால் அணியின் முன்னாள் நட்சத்திரம். பிற்பாடு நடந்த பெரிய மாற்றத்துக்கும் இவரே காரணமாக இருந்தார்.

2004-ல் திரும்பி வந்த லீ நா, அதே ஆண்டில் குவாங்சௌ ஓபனில் தகுதிச்சுற்று வழியாக நுழைந்து கோப்பையை வென்றார். உலக மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் ஒற்றையர் பட்டத்தை ஒரு சீன வீராங்கனை வென்றது அதுவே முதல்முறை. 2006-ல் ஜியாங் ஷானைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் விம்பிள்டன் காலிறுதி வரை போனார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அந்தக் கட்டத்தை எட்டிய முதல் சீனரும் அவர்தான்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே?

தொழில்முறை டென்னிஸ் ஒரு வித்தியாசமான விளையாட்டு. ஜனவரியில் மெல்போர்ன், மே மாதத்தில் பாரிஸ், பிறகு லண்டன், நியூயார்க் என்று ஆண்டு முழுக்க ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். எந்தப் போட்டியில் ஆடுவது, எப்போது ஓய்வெடுப்பது என்பதை உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்த முடிவை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எடுத்தால் சரிவராது.

தவிர, சீன அமைப்பின் கவனம் இரட்டையர் பிரிவில் இருந்தது. பதக்கம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பவும் இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் லி டிங், சுன் தியான்தியான் ஜோடி தங்கம் வென்றது. ஒற்றையரில் உச்சம் தொட நினைத்த லீ நாவுக்கு இந்தப் பாதை ஒத்துவரவில்லை.

அடுத்தது பணம். அமைப்புக்குள் இருக்கும் வீராங்கனையின் வருமானத்தில் 65 சதவீதம் வரை அரசுக்குப் போனது. செலவை அரசு பார்த்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால், 100 ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது 35 ரூபாய்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களிலேயே களமிறங்கினார் லீ நா. காலிறுதியில் வீனஸ் வில்லியம்ஸை வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தார். அரையிறுதியின்போது, ஓயாமல் கத்திக்கொண்டிருந்த சொந்த நாட்டு ரசிகர்களைப் பார்த்து “வாயை மூடுங்கள்” என்று அவர் கத்தியதும் அப்போதுதான்.

‘தனியாகப் பறப்பது’ என்றால் என்ன?

ஒலிம்பிக் முடிந்ததும், 2008-ன் இறுதியில், சுன் ஜின்ஃபாங்கின் நிர்வாகம் ஒரு சோதனை முயற்சிக்கு ஒப்புக்கொண்டது. லீ நா, ஜெங் ஜீ, யான் ஸி, பெங் ஷுவாய் ஆகிய நான்கு பேருக்கு அமைப்பிலிருந்து விலகித் தொழில்முறையாக ஆட அனுமதி. சீன மொழியில் இதை ‘தான்ஃபெய்’ என்பார்கள். ‘தனியாகப் பறப்பது’ என்று பொருள்.

இதன்படி, பயிற்சியாளரையும் போட்டிகளையும் வீராங்கனையே தேர்வு செய்யலாம். அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கு 8 முதல் 12 சதவீதமாகக் குறைந்தது. பதிலுக்கு, பயிற்சியாளர் சம்பளம், பிசியோ, விமான டிக்கெட், ஓட்டல் என அத்தனை செலவும் அவர் தலையில். நாட்டுக்காக ஆட வேண்டிய போட்டிகளில் ஆடியே தீர வேண்டும்.

இது லேசுப்பட்ட முடிவு இல்லை. அப்போது லீ நாவுக்கு வயது 26. முழங்காலில் காயம். ஜெயித்தால் லாபம் அவருக்கு. தோற்றாலோ, காயப்பட்டாலோ, தாங்கிப் பிடிக்க யாரும் கிடையாது. கணவர் ஜியாங் ஷான்தான் பயிற்சியாளர், பயிற்சிக்கு எதிராளி, துணை எல்லாம்.

பலன் கிடைத்ததா?

2010 ஆஸ்திரேலிய ஓபனில் அரையிறுதி. 2011-ல் அதே போட்டியில் இறுதிச்சுற்று. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிப் போட்டிக்கு ஆசிய நாடு ஒன்றிலிருந்து ஒருவர் வந்தது அதுவே முதல்முறை. முதல் செட்டை வென்றும் கிம் கிளைஸ்டர்ஸிடம் தோற்றார்.

அடுத்த சில மாதங்கள் சறுக்கல். கணவரைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விடுவித்து, டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கேல் மார்டென்சனை நியமித்தார். பழைய அமைப்பில் இப்படி ஒரு முடிவை அவரே எடுத்திருக்க முடியாது. ஜூன் மாதம் பிரெஞ்சு ஓபனில் குவிட்டோவா, அசரென்கா, ஷரபோவா என வரிசையாக வீழ்த்தினார். இறுதிப் போட்டியில் நடப்பு சாம்பியன் ஸ்கியவோனேவை 6-4, 7-6 என வென்றார். ஆசியாவின் முதல் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் சாம்பியன்! சீனாவில் மட்டும் சுமார் 11.6 கோடிப் பேர் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் செய்திகள் வந்தன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரிஸில் அவருக்குக் கிடைத்த பரிசுத்தொகை 12 லட்சம் யூரோ. பழைய விகிதத்தில் என்றால் 7.8 லட்சம் யூரோ அரசுக்குப் போயிருக்கும். புதிய விகிதத்தில், அதிகபட்சமாக 12 சதவீதம் என்று வைத்தாலும் 1.44 லட்சம்தான். வெற்றிக்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் விளம்பர ஒப்பந்தங்கள் வரிசையில் நின்றன. உலகிலேயே அதிகம் சம்பாதிக்கும் விளையாட்டு வீராங்கனைகள் பட்டியலில் ஷரபோவாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தார்.

2012-ல் ஜஸ்டின் ஹெனினின் முன்னாள் பயிற்சியாளர் கார்லோஸ் ரோட்ரிகெஸுடன் சேர்ந்தார். 2013 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் இரண்டு முறை கணுக்கால் பிசகியது. இரண்டாவது முறை விழுந்ததில் தலையும் தரையில் மோதியது. அசரென்காவிடம் தோற்றார். 2014-ல் மூன்றாவது சுற்றிலேயே லூசி சஃபரோவாவிடம் வெளியேறியிருக்க வேண்டியவர், ஒரு மேட்ச் பாயின்ட்டிலிருந்து தப்பினார். இறுதியில் சிபுல்கோவாவை 7-6, 6-0 எனத் தோற்கடித்து இரண்டாவது கிராண்ட் ஸ்லாம் கோப்பையைத் தூக்கினார். 32 வயதாக ஒரு மாதம்தான் பாக்கி. அடுத்த மாதமே உலகத் தரவரிசையில் 2-ம் இடம்.

அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் பேசிய பேச்சு இன்றைக்கும் பிரபலம். தன்னைப் பணக்காரி ஆக்கியதற்காக ஏஜென்டுக்கு நன்றி சொன்னார். என்னைக் கட்டிக்கொண்டது உங்கள் அதிர்ஷ்டம் என்று கணவரைக் கலாய்த்தார். அரங்கமே சிரித்தது. வழக்கமாகச் சீன வீரர்கள் வெற்றிப் பேச்சில் முதலில் நன்றி சொல்லும் தாய்நாட்டின் பெயர் அதில் வரவில்லை என்பதும் ஊரில் பேசுபொருளானது.

விட்டு வந்தாலும் விடவில்லை

தனியாகப் பறந்த பிறகும் ‘நீ எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்’ என்ற எதிர்பார்ப்பு போகவில்லை. 2013 பிரெஞ்சு ஓபனில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றபோது, சீன ரசிகர்களுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று ஒரு சீனச் செய்தியாளர் கேட்டார். “ஒரு ஆட்டத்துல தோத்துட்டேன், அவ்வளவுதான். அதுக்காக மண்டியிட்டு அவங்க கால்ல விழணுமா?” என்பதுதான் லீ நாவின் பதில். சீன ஊடகங்கள் திமிர் பிடித்தவர் என்று எழுதின. வூஹான் விமான நிலையத்தில் எடுத்த சிரிக்காத படத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அதற்காக, அரசு அமைப்பு முழுக்கத் தப்பு, தனிமனித முயற்சி முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியுமா? அதுவும் கஷ்டம். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணான லீ நாவின் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்ததே அந்த அமைப்புதான். அப்பா இறந்த பிறகும் பயிற்சி நிற்காமல் தொடர்ந்ததும் அதனால்தான். இந்தியாவில் டென்னிஸ் ஆட நினைக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பெற்றோர்தான் செலவழிக்க வேண்டும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

ஆனால், ஓர் ஆட்டக்காரரை உருவாக்கிவிட்டோம் என்பதற்காக, அவர் கடைசிவரை நம் சொல்படிதான் ஆட வேண்டும் என்று கேட்டால், அவர் எட்டக்கூடிய உயரத்தை நாமே தடுத்துவிடுகிறோம். லீ நாவின் இரண்டு கோப்பைகளும் ‘தான்ஃபெய்’க்குப் பிறகு வந்தவை. அவரைப் போக விட்டதால் சீனாவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் பெயரால் சீனாவில் டென்னிஸ் பார்ப்பவர்களும் ஆடுபவர்களும் பெருகினார்கள். 2014-ல் வூஹானிலேயே ஒரு பெரிய டபிள்யூடிஏ போட்டி தொடங்கியது. 2019-ல் ஆண்டு இறுதிச் சாம்பியன்ஷிப்பே ஷென்செனுக்கு வந்தது.

சொந்த ஊரில் நடந்த அந்த முதல் போட்டியில் ஆட லீ நாவால் முடியவில்லை. போட்டி தொடங்கும் தறுவாயில், 2014 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். முழங்கால்களில் மொத்தம் நான்கு அறுவை சிகிச்சைகள். இனி தாங்காது என்று உடம்பு சொல்லிவிட்டது. 2019-ல் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

2024-ல், லீ நா வென்று சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலிய ஓபன் இறுதிக்கு வந்தார் இன்னொரு சீன வீராங்கனை ஜெங் சின்வென். அவரும் ஹூபெய் மாகாணத்துக்காரர். லீ நாவின் பழைய பயிற்சியாளர் ரோட்ரிகெஸிடம் சிறு வயதில் பயிற்சி பெற்றவர். அந்த இறுதியில் தோற்றாலும், அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்றார். மெல்போர்னில் போட்டிக்கு நடுவே லீ நாவைச் சந்தித்தபோது, அவர் தனக்குச் சொன்ன அறிவுரையை ஜெங் வெளியில் சொன்னார். தேசத்தின் பெருமை, கடமை என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ரொம்ப யோசிக்காதே, எளிமையாக வைத்துக்கொள், துணிந்து ஆடு. அவ்வளவுதான்.