முள்ளைப் பாருங்கள், பிறகு உதையுங்கள்

தென்காசி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அப்பா ஓட்டிய பழைய 350 சிசி புல்லட். உதைத்து உதைத்துக் கால் வலிதான் மிச்சம். பேட்டரி, காயில் இரண்டும் மாற்றியாயிற்று. இனி எதை மாற்றுவது?"

எதையும் மாற்ற வேண்டாம். பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் கரி பிடித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் சின்ன ஆம்ப் மீட்டரைப் பார்த்தீர்களா?

திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த அந்தக்கால புல்லட்களில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதுதான். மளிகைக் கடையில் என் அம்மாவின் கண் அரிசி மேல் இருக்காது, தராசு முள்ளின் மேல்தான் இருக்கும். பழைய புல்லட்காரர்களும் அப்படியே. சாவியைத் திருப்பினால் முள் மைனஸ் பக்கம் சாயும். டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், ஓரிடத்தில் முள் சட்டென்று நடுவுக்கு வரும். பிளாட்டினம் பாயிண்ட் திறந்த கணம் அது. டீகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை.

வண்டி கிளம்பாத நாளிலும் இதே முள்தான் வழிகாட்டி. கிக்கரை மெல்லச் சுற்றியபடி கவனியுங்கள். முள் அசையவே இல்லையா? ஹெட்லைட்டைப் போடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், எர்த் வயர். சேஸிஸில் எர்த் முறுக்கிய இடத்தில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் கரண்ட் திரும்பி வர வழியில்லை. லைட்டுக்கு அசைந்து, சாவிக்கு மட்டும் அசையாவிட்டால் இக்னிஷன் சுவிட்ச், காயிலுக்குப் போகும் வயர், அழுக்கேறிய பாயிண்ட். பாயிண்டை நைஸ் உப்புத்தாளில் ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்தாலே பல வண்டிகள் பிழைத்துவிடும்.

முள் மைனஸிலேயே நின்று, நடுவுக்கு வரவே மாட்டேன் என்கிறதா? பாயிண்ட் திறக்கவில்லை. ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது பாயிண்ட் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது.

முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் பொறி இல்லையென்றால்தான் காயில், பிளக் வயர், கண்டென்சர் மேல் சந்தேகப்பட வேண்டும். கண்டென்சர் செத்திருந்தால் பாயிண்டில் நீலப்பொறி பறக்கும், அதன் முகம் கருகிப்போயிருக்கும்.

இவ்வளவையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் இப்போது வண்டியை 'மாடிஃபை' செய்கிறவர்கள் முதலில் கழற்றி எறிவது இந்த மீட்டரைத்தான். போதாததற்கு எல்இடி விளக்கும் இரட்டை ஹார்னும் மாட்ட, நல்ல வயரை நடுவில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார்கள். முதல் மழையிலேயே அந்த முடிச்சு பச்சை பூத்துவிடும்.

அதைவிடக் கொடுமை, ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி ஓட்டுவது. வயரிங் எரியக்கூடாது என்றுதான் ஃபியூஸ் தன்னை எரித்துக்கொள்கிறது. அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். அதுவும் போனால் ஏதோ ஒரு வயர் தோல் உரிந்து இரும்பில் உரசுகிறது என்று அர்த்தம். தேடலை ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலிருந்து தொடங்குங்கள். வயர்கள் தினமும் வளைந்து நைந்துபோகிற இடம் அதுதான்.