சாளைக்கு ஒரு துப்பாக்கி?

கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டைச் சாளை என்பார்கள். சுற்றிலும் தென்னை, வாசலை ஒட்டிக் கட்டுத்தரை, கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. மகன் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருப்பான். ஊருக்குள் குடிவரச் சொன்னாலும் மாடு கன்றை விட்டுவர மனமில்லாத அப்பாரும் ஆத்தாவும் மட்டும் அங்கே இருப்பார்கள். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே இப்படி ஒரு வீட்டில் வயதான தம்பதியும் அவர்களுடைய மகனும் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் இன்னொரு முதிய தம்பதி. இரண்டு இடத்திலும் நகை போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேற்கு மாவட்டங்களில் அந்தக் கோரிக்கை பலமாகக் கேட்கத் தொடங்கியது: தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள். நகரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். நடுராத்திரியில் நாய் ஓயாமல் குரைக்கும்போது வெளி லைட்டைப் போடுவதா, அணைத்தே வைப்பதா என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சிரிப்பான விஷயமில்லை. ஆகவே கோரிக்கையைக் கேலி செய்யாமல் எடுத்துக்கொண்டு, லைசென்ஸ் கிடைத்தால் அந்த ராத்திரியில் அந்தத் துப்பாக்கி என்ன செய்யும் என்று பார்ப்போம்.

முதலில் சட்டம். துப்பாக்கி லைசென்ஸ் என்றாலே அரசியல்வாதிக்கும் ரியல் எஸ்டேட்காரருக்கும்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் பிரித்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள சாதாரண வேட்டைத் துப்பாக்கியைத் தற்காப்புக்காகவும், மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்காகவும் கேட்டால், தகுந்த தடை எதுவும் இல்லாதபட்சத்தில் கொடுக்க வேண்டும் என்றே 13ஆம் பிரிவு சொல்கிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ரிவால்வர், பிஸ்டல் கதை வேறு. அதற்கு நியாயமான காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் தோன்ற வேண்டும்.

மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் லைசென்ஸ் தருகிறவர்கள். விண்ணப்பம் போலீஸ் விசாரணைக்குப் போகும். நடைமுறையில் அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: உயிருக்கு ஆபத்து என்கிறீர்களே, யாரால்? தொழில் போட்டியாளர், பங்காளித் தகராறு, பழைய கொலை வழக்கு என்று பதில் சொல்ல முடிந்தவரின் ஃபைல் நகரும். சாளையில் இருப்பவருக்கு எதிரி யாரும் கிடையாது. அவரைக் கொல்ல வருகிறவனை அவர் அதற்கு முன் பார்த்திருக்கக்கூட மாட்டார். பெயர் சொல்லத் தெரிந்த பயத்தைத்தான் நம் அலுவலகங்களுக்குப் பதிவுசெய்யத் தெரியும்.

இந்த இறுக்கத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1857 கலகத்தின் நினைவு மாறாத வெள்ளைக்கார அரசு, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. அந்த அவமானத்தை மறக்காத காங்கிரஸ், 1931 கராச்சி தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதையே திருத்தமாகக் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் விழுந்தது. வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கில் இன்றும் மிஞ்சியிருப்பது பக்கத்துக் குடகு. கொடவர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். கைல்போள்து பண்டிகையில் அதற்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அந்த விலக்கு செல்லும் என்றது.

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில், அப்போதைய நெல்லை மாவட்டம் கடையம் அருகே நடந்ததைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்போம். தோட்டத்து வீட்டின் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். முகமூடி போட்ட ஒருவன் பின்னால் வந்து கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குகிறான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவருடைய மனைவி, கையில் கிடைத்த செருப்பை எடுத்து வீசுகிறார், அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர் திமிறி எழுந்து இன்னொரு நாற்காலியைத் தூக்குகிறார். அரிவாளோடு வந்த இரண்டு பேரும் அந்த அடி தாங்காமல் ஓடுகிறார்கள். அம்மாவின் கழுத்துச் சங்கிலி போனது, உயிர் போகவில்லை. அந்தச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது.

எல்லோரும் அந்தத் துணிச்சலைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு லைசென்ஸ் துப்பாக்கியை நுழைத்துப் பாருங்கள். அது உள்ளே இருக்கும், விதிப்படி பூட்டிவைத்த இடத்தில். தோட்டா தனியாக. சாவி பீரோவிலோ மடியிலோ. கழுத்தில் துணி இறுகியவருக்கு அது எட்டாது. மனைவி ஓடிப்போய் எடுத்து, தோட்டா போட்டு, வாசலுக்கு வந்து குறிபார்த்தால் எதிரே நிற்பது யார்? கணவர். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு திருடன். 12 போர் துப்பாக்கியின் ரவை சிதறிப் பாய்வது. அந்த அம்மாள் நாற்காலியை எடுத்ததால்தான் அந்தப் பெரியவர் பிழைத்தார் என்பது என் கணிப்பு.

பல்லடத்திலும் சிவகிரியிலும் அந்த ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். வருகிறவன் நேரம் பார்த்து, ஆள் தனியாக இருப்பதை நோட்டம் பார்த்துவிட்டு வருகிறான். எழுபது வயதுக்காரர் அரைத் தூக்கத்தில் எழுகிறார். இதில் யார் கை முந்தும்? இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். நகையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக அதுவும் ஒரு பொருள். அடுத்த வீட்டுக்கு அவன் அதோடுதான் போவான்.

விலையையும் பார்க்க வேண்டும். டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற சிறிய ரிவால்வரைக் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, 1.22 லட்சம் ரூபாய். கடைசி பஸ்ஸில் வேலை முடிந்து திரும்பும் பெண் அந்தப் பணத்துக்கு எங்கே போவாள் என்று அப்போதே கேட்டார்கள். பதில் வரவில்லை.

திருடன் வராத ராத்திரிகளிலும் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும். பேச்சு இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் 2022இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அதில் பாதிக்கு மேல் கொலை அல்ல, தற்கொலை. இது நமக்குப் புரியாத கணக்கில்லை. கடன் தொல்லை, குடும்பச் சண்டை, ஒரு கெட்ட மாலைப்பொழுது, “மருந்தைக் குடிச்சுட்டாங்க” என்ற செய்தி. தென்னைக்கும் பருத்திக்கும் அடிக்க வாங்கிய மருந்து மோட்டார் ரூமில் கையெட்டும் இடத்தில் இருந்ததுதான் எத்தனை சாவுக்குக் காரணம்! இலங்கையில் 1990களின் நடுவில் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டாமல் போனதாலேயே பல்லாயிரம் பேர் அந்தக் கெட்ட பொழுதைத் தாண்டியிருக்கிறார்கள். மோட்டார் ரூமில் மருந்து இருக்கும் அதே வீட்டில் தோட்டாவையும் கொண்டுவந்து வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருப்பி அடித்தால் நம் மேலேயே கேஸ் போடுவார்கள் என்ற பயமும் இந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது. அதில் பாதி உண்மை. 2012இல் மதுரையில், பெற்ற மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றார். அன்றைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், தற்காப்பு உரிமையைச் சொல்லும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி அவரை விடுவித்தார். இன்று அந்த உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்து நுழைகிறவன் விஷயத்தில், தேவைப்பட்டால் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அது நீளும். மட்டையா, மண்வெட்டியா, துப்பாக்கியா என்று சட்டம் பிரிப்பதில்லை. தேவைக்கு மேல் போனாயா என்றுதான் பார்க்கும். நகையோடு வேலி தாண்டி ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் இன்னொரு சலிப்பு தேர்தல். தேதி அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, முடிவு ஜூன் 4. ஏறக்குறைய மூன்று மாதம் துப்பாக்கி சர்க்கார் காவலில். திருடனுக்கு நன்னடத்தை விதி கிடையாது.

சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்களோடு, திருட்டு நகையை வாங்கி உருக்கிய நகைக்கடைக்காரர் ஒருவரும் கைதானார். பல்லடம் கொலையிலும் அதே கும்பலுக்குத் தொடர்பு உண்டு என்று போலீஸ் சொன்னது. அப்படியானால் முதல் கொலைக்கும் இரண்டாவதற்கும் நடுவே அந்த ஐந்து மாதம் அவர்கள் வெளியில் நடமாடினார்கள். கோபப்பட வேண்டிய இடம் அது. பில் கேட்காமல் தங்கம் உருக்கும் பட்டறைகள், பழைய குற்றவாளிகளைக் கண்காணிக்க ஆளில்லாத ஸ்டேஷன்கள், தார் ரோட்டோடு திரும்பிவிடுகிற ரோந்து வண்டி: சாளைக்குப் பாதுகாப்பு கேட்பவர்கள் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில் இவையும் இருக்க வேண்டும்.

அதையும் மீறித் துப்பாக்கிதான் வேண்டும் என்பவர் விண்ணப்பிப்பதை யாரும் தடுக்க முடியாது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். மறுத்தால் கலெக்டர் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும், அதைக் கேட்டு வாங்கி மேல்முறையீடும் செய்யலாம். விண்ணப்பிக்கிறவர் ரிவால்வர் கேட்டு அலையாமல் 13ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நீளக் குழல் துப்பாக்கியைக் கேட்பது நல்லது. வாங்கிய பிறகு பீரோ சாவி யார் யாரிடம் இருக்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடட்டும்.