பல்கலைக்கழக மாணவருக்கு வயலிற் பயிற்சியளிக்கும் முறை

கமக்காரர்களே,

மாவடிப்பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. 1995 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் அயலூராகிய சம்மாந்துறையிலும் இயங்குகின்றன. வடக்கே வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. இங்கு விவசாயமும் அதனைச் சார்ந்த தொழில்நுட்பமும் கற்போர், படிப்பின் ஒரு பகுதியாகத் தொழில் நடக்குமிடத்திற் சில காலம் பயிற்சி பெறுவர். உங்கள் வயலும் தோட்டமும் அவ்விடமாக அமையலாம்.

விரும்புவோர் உரிய துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதுதல் வேண்டும். காணியின் பரப்பு, பயிர், பாய்ச்சல் வசதி, மாணவர் செய்யக்கூடிய வேலை, எத்தனை பேரை ஏற்கலாம், உணவுக்கும் தங்குவதற்கும் என்ன வழி என்பவற்றை அதிற் குறிப்பிடுக. முதன்முறை ஒருவர் அல்லது இருவர் போதும். பயிற்சி நாட்கள், கொடுப்பனவு, காப்புறுதி ஆகியவற்றைப் பற்றிப் பல்கலைக்கழகம் கூறுவதை எழுத்திற் பெற்றுக்கொள்க. பஸ் கட்டணமும் பகலுணவுமாயினும் கொடுத்தல் முறை.

காலத்தை நன்கு ஆராய்ந்து தெரிவு செய்க. மூன்றரை மாத நெல்லை எட்டு வாரத்தில் விதைப்பு முதல் அறுவடை வரை காட்ட முடியாது. ஆகவே, விதைப்பிலிருந்து மட்டம் வெடிக்கும் பருவம் வரையான வாரங்களைக் கொடுப்பது நன்று. மரக்கறிச் செய்கையாளருக்கு இவ்விடர் குறைவு. வெண்டி நட்டு ஏறக்குறைய ஏழு வாரத்தில் முதற்காய் பறிக்கலாம். பயிரின் பெரும்பகுதியை மாணவர் தம் கண்ணாற் காண்பர்.

வந்தவரைக் கூலியாளின் இடத்தில் நிறுத்திவிடுவதே பெரும் பிழையாகும். வரம்பு கட்டவும் பசளை எறியவும் அவர் பழகத்தான் வேண்டும். ஆனால் அவருக்கென ஒரு பொறுப்பும் இருத்தல் வேண்டும். உதாரணமாக, ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போதுமெனத் திணைக்களம் கூறுகின்றது. நம்மிற் பலர் மூன்றும் அதற்கு மேலும் எறிகின்றோம். கால் ஏக்கரை அவரிடம் ஒப்படைத்து, அரைப் புசல் மட்டும் விதைக்கச் செய்க. அடுத்த கால் ஏக்கரில் உங்கள் வழக்கப்படி விதையுங்கள். இரண்டாம் வாரத்தில் ஓரடிச் சதுரத்துள் உள்ள நாற்றுக்களையும், ஆறாம் வாரத்தில் மட்டங்களையும் அவர் பல இடங்களில் எண்ணி எழுதட்டும். அறக்கொட்டியான் எனப்படும் கபிலத் தத்தி இருக்கின்றதா என்று அடித்தண்டை விலக்கிப் பார்க்கும் வேலையையும் அவருக்குக் கொடுக்கலாம். பூச்சியைக் காணாது நாள் பார்த்து மருந்தடிக்கும் பழக்கம் எவ்வளவு வீண் செலவென்பது அப்போது போடியாருக்கும் விளங்கும்.

முல்லைக்காரரையும் முன்னரே அழைத்துப் பேசுக. மாணவரின் கேள்விக்கு விடை சொல்லுதலும் அவரது வேலை என்பதைத் தெரிவித்தல் வேண்டும். எதிர்க்கேள்வி கேட்பவரைக் கண்டு நம்மவர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு!

மாணவிகளும் வருவர். வயலருகே மலசலகூட வசதியுள்ள வீடொன்றை ஒழுங்கு செய்து, பொழுது சாயுமுன் அவர்களை அனுப்பிவிடுக. கிருமிநாசினி தெளிக்கும் வேலையை மாணவர் எவருக்கும் கொடுத்தலாகாது.

பெரும்போகத்தில் இன்னொன்றை மறக்கலாகாது. 2024 நவம்பர் 26 ஆம் நாள், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து, அதிற் சென்ற மதரஸா மாணவர்கள் உயிரிழந்ததை நாம் அறிவோம். பயிற்சிக்கு வருபவர் வெளியூர்ப் பிள்ளை. எந்த இடத்தில் நீர் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. வீதியில் நீர் ஏறிய நாளில் அவரை வரவேண்டாமென விடியுமுன் தொலைபேசியிற் சொல்லுக. வந்த பின் நீர் ஏறினால் உங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, பெற்றோருக்கும் துறைக்கும் அறிவிக்குக. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி நீரைக் கடத்திவிட ஒருபோதும் முயலற்க. ஒரு நாள் வரவு குறைவதால் எவர் பட்டமும் கெடாது.

மாணவரின் நாட்குறிப்பை வாரந்தோறும் வாசித்துக் கையொப்பமிடுக. பயிற்சி முடிவில், செய்த வேலைகளை உள்ளபடி எழுதிக் கடிதம் கொடுக்க. அறுவடை இயந்திரம் வரும் நாளில் அவ்விரு கால் ஏக்கர்களையும் தனித்தனியே வெட்டுவித்து, நெல்லை நிறுத்து, அக்கணக்கை மாணவருக்கு அனுப்பிவைக்க வேண்டும். அவர் எண்ணி வைத்த கணக்கு அதனோடுதான் நிறைவுபெறும்.